தொலைதூர விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை அளப்பது எப்படி?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடும்போது ஒரு கருவி 15,340 கிலோமீட்டர் என்று சொல்லும். இன்னொன்று 15,349 என்று சொல்லும். மூன்றாவது ஒன்று 15,357 என்றும் சொல்லக்கூடும். அதே தடத்தில் நேற்றுப் பறந்து இறங்கிய விமானத்தின் பதிவை எடுத்துப் பார்த்தால், இந்த மூன்றையும் விடப் பல நூறு கிலோமீட்டர் கூடுதலான ஓர் எண் இருக்கும். எந்தக் கருவி தவறு செய்கிறது என்று தேடுவது வீண் வேலை. ஒவ்வோர் எண்ணும் வெவ்வேறு கேள்விக்கான விடை என்பதால், அளக்கத் தொடங்குமுன் நம்முடைய கேள்வி எது என்று முடிவு செய்துகொள்வதே முதல் வேலை.

தூரம் என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று பொருள்களைக் குறிக்கிறோம். பூமியின் மேற்பரப்பில் இரண்டு நிலையங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம் முதலாவது; இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். ஒரு குறிப்பிட்ட விமானம் ஒரு குறிப்பிட்ட நாளில் உண்மையிலேயே கடந்த தூரம் இரண்டாவது. இடையில் இறங்கி வேறு விமானம் மாறிச் செல்பவர் கடக்கும் பகுதிகளின் கூட்டுத்தொகை மூன்றாவது. இழப்பீடு கோருபவருக்கும், இரண்டு ஊர்களை ஒப்பிடுபவருக்கும் பெரும்பாலும் முதலாவதே போதும். பயண நேரத்தை மதிப்பிட விரும்புபவர் இரண்டாவதையும் பார்க்க வேண்டும். முதலாவதை ஒழுங்காகக் கணக்கிடத் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் அதன் மேல் எழுப்பப்படுபவைதான் என்பதால், இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியே பேசுகிறது.

எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு

ஊர்ப் பெயரை வைத்துத் தூரம் தேடுவது அடிக்கடி நிகழும் தவறு. லண்டன் என்றால் ஹீத்ரோவா, கேட்விக்கா? டோக்கியோ என்றால் ஹனேடாவா, நரிட்டாவா? கடைசி இரண்டுக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர் இருக்கிறது. பெயர் ஒன்றாகவே இருந்து ஊர் வேறாக இருப்பதும் உண்டு: சான் ஹோசே கலிபோர்னியாவிலும் இருக்கிறது, கோஸ்டா ரிக்காவிலும் இருக்கிறது, பர்மிங்காம் இங்கிலாந்திலும் இருக்கிறது, அமெரிக்காவின் அலபாமாவிலும் இருக்கிறது. ஆகவே பெயரை விட்டுவிட்டு, பயணச்சீட்டில் அச்சிடப்படும் மூன்று எழுத்து ஐஏடிஏ குறியீட்டையோ, விமானிகள் பயன்படுத்தும் நான்கு எழுத்து ஐசிஏஓ குறியீட்டையோ எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. (ஐஏடிஏ, ஐசிஏஓ இரண்டும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்புகள்.) மூன்று எழுத்துக் குறியீடுகளில் ஒரு நகரம் முழுவதையும் குறிப்பவையும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. என்ஒய்சி என்பது நியூயார்க் வட்டாரத்தின் எல்லா விமான நிலையங்களுக்கும் பொதுவான குறியீடு. கென்னடி விமான நிலையத்துக்கு உரிய ஜேஎஃப்கே என்பதுதான் ஒரே நிலையத்தைச் சுட்டுவது.

குறியீடு கிடைத்ததும் அடுத்த தேவை அட்சரேகையும் தீர்க்கரேகையும். விமான நிலையம் ஒரு புள்ளியல்ல; பல கிலோமீட்டர் நீளும் ஓடுபாதைகளும் முனையங்களும் சேர்ந்த பரப்பு. எனவே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆதாரப் புள்ளி என்று ஒன்றை நிர்ணயித்து அறிவிப்பது உலக நடைமுறை. அது பொதுவாக ஓடுபாதைகளின் மையத்தை ஒட்டி அமையும். ஒவ்வொரு நாடும் வெளியிடும், ஏஐபி எனப்படும் வான்வழித் தகவல் தொகுப்பில் இந்தப் புள்ளி பாகை, நிமிடம், விநாடிக் கணக்கில் தரப்பட்டிருக்கும். முனையத்தின் வாசலைப் புள்ளியாகக் கொண்டால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் வரும். 15,000 கிலோமீட்டர்ப் பயணத்தில் அது பொருட்டல்ல என்றாலும், இரண்டு கருவிகளின் விடைகள் ஏன் ஒரு கிலோமீட்டர் விலகி நிற்கின்றன என்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

நம் எடுத்துக்காட்டுக்கு, சாங்கியை வடக்கே 1 பாகை 21 நிமிடம் 33 விநாடி, கிழக்கே 103 பாகை 59 நிமிடம் 22 விநாடி என்றும், ஜேஎஃப்கேயை வடக்கே 40 பாகை 38 நிமிடம் 23 விநாடி, மேற்கே 73 பாகை 46 நிமிடம் 44 விநாடி என்றும் எடுத்துக்கொள்வோம். இவற்றைத் தசமமாக மாற்ற நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3,600-ஆலும் வகுத்துப் பாகையுடன் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் சாங்கி 1.3592, 103.9894 என்றும், ஜேஎஃப்கே 40.6397, −73.7789 என்றும் வரும். மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி இடுவது மரபு.

இந்தச் சின்னக் கோட்டை விட்டுவிட்டு ஒரு மாலைப்பொழுதை நான் வீணாக்கியிருக்கிறேன். கழித்தல் குறி இல்லாமல் கணக்கிட்டால் சிங்கப்பூர்–நியூயார்க் தூரம் 5,321 கிலோமீட்டர் என்று வருகிறது. அந்த எண்ணுக்கு உரிய இடம் நியூயார்க் அல்ல, கிர்கிஸ்தானின் மலைப்பகுதி. இத்தனை பெரிய பிழை என்றால் உடனே கண்ணில் பட்டுவிடும். அதை விட ஆபத்தானது, 40 பாகை 38 நிமிடம் 23 விநாடியை 40.3823 என்று அப்படியே தட்டச்சு செய்வது. புள்ளி கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். விடை நம்பும்படியாகவே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தட்டையான படத்தில் அளக்கக் கூடாது

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அளவுகோலை வைத்து அளக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நமக்குப் பழக்கமான படங்களில் பல, 1569-இல் மெர்க்கேட்டர் வகுத்த முறையை ஒட்டியவை. அதில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாம் பெரிதாகிக்கொண்டே போகும். 60 பாகை அட்சரேகையில் படத்தின் ஒரு சென்டிமீட்டர் குறிக்கும் உண்மைத் தூரம், நடுக்கோட்டில் அதே ஒரு சென்டிமீட்டர் குறிப்பதில் சரிபாதிதான். எனவே ஒரே அளவுத்திட்டத்தைப் படம் முழுவதற்கும் பயன்படுத்த முடியாது.

பாகைகளை நேரடியாகப் பிதாகரஸ் தேற்றத்தில் இட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. நம் இரண்டு நிலையங்களுக்கு இடையே அட்சரேகை வேறுபாடு 39.28 பாகை, தீர்க்கரேகை வேறுபாடு 177.77 பாகை. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 182.06 பாகை, பாகைக்கு 111.195 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 20,244 கிலோமீட்டர். இந்த விடை தவறு என்பதைச் சரிபார்க்க வேறு எதுவும் வேண்டாம். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,030 கிலோமீட்டர். அதில் பாதி 20,015. உலகின் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான குறுகிய வழி இந்தப் பாதியைத் தாண்டவே முடியாது. உங்கள் கணக்கு 20,015-ஐ மிஞ்சினால் மேலே படிக்காமல் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்கு ஒரு நல்ல வழி, உலக உருண்டையும் ஒரு நூலும். நூல் இழுத்தால் நீளாததாக இருக்க வேண்டும். தையல் நூல் போதும். ஒரு முனையைச் சிங்கப்பூரின் மேல் விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க்கின் மேல் வைத்து, நூலைத் தளர்வில்லாமல் இழுத்துவிட்டு விட்டால், அது தானாகவே மிகக் குறுகிய வழியில் போய்ப் படியும். படத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்போது ஒரு வியப்புக் காத்திருக்கிறது: நூல் ஐரோப்பா வழியாகவும் போகாது, பசிபிக் வழியாகவும் போகாது, சீனாவையும் சைபீரியாவையும் கடந்து வட துருவத்தை உரசிச் சென்று கனடாவின் மேல் இறங்கும். துருவத்துக்கும் அந்த வழிக்கும் இடையே 300 கிலோமீட்டர்கூட இருக்காது.

நூலில் இரண்டு ஊர்களும் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்தத் துண்டை எடுத்து உருண்டையின் நடுக்கோட்டின் மேல் கிடத்துங்கள். நடுக்கோட்டில் தீர்க்கரேகைகள் 10 அல்லது 15 பாகைக்கு ஒன்றாக வெட்டிச் செல்லும். நூல் 140 பாகைக்குச் சற்று முன்னால் முடிவதைக் காணலாம். அதை 111.2-ஆல் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். உருண்டையின் விட்டம் தெரிய வேண்டியதில்லை என்பதே இந்த முறையின் அழகு. விட்டம் 30 சென்டிமீட்டர் என்று தெரிந்தால், நூலின் ஒரு சென்டிமீட்டர் சுமார் 425 கிலோமீட்டர் என்றும் கணக்கிடலாம். நம் நூல் 36 சென்டிமீட்டர் வரும். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 42 கிலோமீட்டர் பிசகும் என்பதால் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் பெரிய பிழைகளைப் பிடிக்க இதைவிட விரைவான வழி கிடையாது.

கணக்கு

தொலைதூரத்துக்கு நான் பரிந்துரைப்பது கோளக் கோணவியலின் கோசைன் விதியை. பல கட்டுரைகள் ஹேவர்சைன் வாய்பாட்டை முன்னிறுத்துகின்றன. மிக அருகிலுள்ள இரண்டு புள்ளிகளுக்கு அது உண்மையிலேயே சிறந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள விமான நிலையங்களுக்கோ இரண்டும் ஒரே விடையைத் தரும். கோசைன் விதியில் படிகள் குறைவு, தவறு செய்யும் வாய்ப்பும் குறைவு.

விதி இதுதான். இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். இரண்டு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைன் மதிப்பையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். இந்த இரண்டு பெருக்குத்தொகைகளையும் கூட்டினால் வருவது, இரண்டு நிலையங்களும் பூமியின் மையத்தில் உண்டாக்கும் கோணத்தின் கோசைன். அதிலிருந்து கோணத்தைக் கண்டுபிடித்துப் பூமியின் ஆரத்தால் பெருக்கினால் தூரம்.

நம் எண்களை இட்டுப் பார்ப்போம். 1.3592 பாகையின் சைன் 0.02372, 40.6397 பாகையின் சைன் 0.65130, இரண்டின் பெருக்குத்தொகை 0.01545. அதே இரண்டு அட்சரேகைகளின் கோசைன்கள் 0.99972, 0.75882, பெருக்கினால் 0.75861. தீர்க்கரேகை வேறுபாடு 103.9894-இலிருந்து −73.7789-ஐக் கழித்தால் வரும் 177.7683, அதன் கோசைன் −0.99924. இதை 0.75861-உடன் பெருக்கினால் −0.75803. இப்போது 0.01545-உடன் −0.75803-ஐக் கூட்ட, −0.74258. இந்தக் கோசைன் மதிப்புக்குரிய கோணம் 137.95 பாகை. கோணத்தை அளக்கும் இன்னோர் அலகான ரேடியனில் (180 பாகை என்பது 3.1416 ரேடியன்) சொன்னால் 2.4077. பூமியின் சராசரி ஆரமான 6,371 கிலோமீட்டரால் பெருக்க, கிடைப்பது ஏறத்தாழ 15,340 கிலோமீட்டர்.

எக்செல் போன்ற செயலிகளில் இதை எழுதுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அவற்றிலுள்ள சைன், கோசைன் செயற்கூறுகள் பாகையை ஏற்பதில்லை, ரேடியனையே எதிர்பார்க்கின்றன. ஒவ்வொரு மதிப்பையும் முதலில் ரேடியனாக மாற்றிவிட்டுத்தான் உள்ளே கொடுக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. அமைதியாக ஒரு தவறான எண் வந்து நிற்கும். கைக்கணிப்பானில் கணக்கிடுபவர்கள் அது பாகை நிலையில் இருக்கிறதா என்று தொடங்குமுன் பார்த்துக்கொள்ளட்டும்.

வந்த விடையை மனக்கணக்கிலேயே சரிபார்க்க இந்தக் குறிப்பிட்ட இணைக்கு ஒரு வசதி இருக்கிறது. தீர்க்கரேகை வேறுபாடு கிட்டத்தட்ட 180 பாகை என்பதால், வழி ஏறக்குறையத் துருவத்தின் மேலாகவே போகிறது. சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64 பாகை, துருவத்திலிருந்து ஜேஎஃப்கேக்கு 49.36 பாகை, ஆக மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.195 என்று பெருக்கினால் 15,345. துருவத்தைத் தொட்டுச் செல்வது சற்றே சுற்றுவழி. ஆகவே உண்மை விடை இதை விடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், அப்படியே இருக்கிறது.

பூமி சரியான உருண்டையாக இல்லாததால்

பூமி துருவங்களில் சற்றே தட்டையானது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற மாதிரியின்படி நடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378.137 கிலோமீட்டர், துருவத்தில் 6,356.752 கிலோமீட்டர். வித்தியாசம் 21 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். தொடக்கத்தில் சொன்ன மூன்று எண்களின் புதிர் இங்கே அவிழ்கிறது. சராசரி ஆரத்தைப் பயன்படுத்தும் கருவி 15,340 என்கிறது. நடுக்கோட்டு ஆரத்தைப் பயன்படுத்தும் கருவி அதே கோணத்தை 6,378.137-ஆல் பெருக்கி 15,357 என்கிறது. தட்டையான வடிவத்தை முழுமையாகக் கணக்கில் கொள்ளும் கருவி, தான் எடுத்துக்கொண்ட ஆதாரப் புள்ளியைப் பொறுத்து 15,348 அல்லது 15,349 என்கிறது. கடைசியாகச் சொன்னதே மிகச் சரியானது.

அந்தத் துல்லியம் வேண்டுமென்றால் வின்சென்டி 1975-இல் வெளியிட்ட வாய்பாட்டையோ, சார்லஸ் கார்னி 2013-இல் வெளியிட்ட முறையையோ பயன்படுத்த வேண்டும். இரண்டும் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு விடையை நெருங்குபவை. கையால் செய்யத் தக்கவையல்ல. வின்சென்டியின் முறை, பூமியின் நேர் எதிரெதிர்ப் பக்கங்களை ஒட்டி அமைந்த புள்ளிகளுக்கு விடை காணாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அக்குறை கார்னியின் முறையில் இல்லை. சாதாரணத் தேவைக்கு உருண்டை மாதிரியே தாராளமாகப் போதும். அதனால் வரும் பிழை பொதுவாக 0.5 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும், நம் எடுத்துக்காட்டில் அது 0.06 விழுக்காடுதான்.

ஆயத்தக் கருவிகள்

கணக்கைப் புரிந்துகொண்ட பிறகு கருவிகளைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. கூகுள் மேப்ஸை கணினியில் திறந்து, முதல் நிலையத்தின் மேல் வலது சொடுக்கி, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்து, இரண்டாவது நிலையத்தின் மேல் சொடுக்கினால் போதும். கைப்பேசியில் ஓர் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் அதே வசதி கீழே உள்ள பட்டியலில் தெரியும். திரையில் கோடு வளைந்து தோன்றுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். உருண்டையின் மேலுள்ள நேர்வழியைத் தட்டையான படத்தில் வரைந்தால் அது அப்படித்தான் தெரியும். புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பது நம் கையில் இருப்பதால், முனையத்தை விட்டுவிட்டு ஓடுபாதைகளின் நடுவே வைப்பது நல்லது.

விமான நிலையங்களுக்கென்றே உள்ள கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு குறியீடுகளையும் இடையில் ஒரு சிறு கோட்டோடு கொடுத்தால் தூரமும் படமும் கிடைத்துவிடும். மூன்று, நான்கு நிலையங்களைத் தொடராகவும் கொடுக்கலாம். எனக்கு முதல் தேர்வு இதுவே. புள்ளியைக் கண்ணால் தேடி வைக்கும் வேலை இல்லை, ஊர்ப் பெயர்க் குழப்பமும் இல்லை.

கருவி எதுவானாலும் அலகைப் பாருங்கள். விமானத் துறையில் கடல் மைல்தான் புழக்கத்தில் உள்ளது. அது சரியாக 1.852 கிலோமீட்டர். சாதாரண மைலோ 1.609 கிலோமீட்டர். 8,288 கடல் மைல் என்பதைச் சாதாரண மைல் என்று எண்ணிக் கிலோமீட்டராக மாற்றினால் 13,338 என்று வரும்; ஒரே அடியில் 2,000 கிலோமீட்டர் காணாமல் போய்விடும். கடல் மைல் மரபில் ஒரு நன்மையும் இருக்கிறது. அது அட்சரேகையின் ஒரு நிமிடத்தை அடிப்படையாகக் கொண்டு பிறந்த அளவு என்பதால், மையக் கோணத்தை 60-ஆல் பெருக்கினாலே கடல் மைல் கணக்கில் தோராயமான தூரம் கிடைத்துவிடும்: 137.95 பாகைக்கு 8,277.

விமானம் உண்மையில் பறப்பது

பெருவட்ட வழியில் கோடு பிடித்தாற்போல் எந்த விமானமும் பறப்பதில்லை. காற்று வீசும் திசையை ஒட்டிய ஓடுபாதையில் ஏறி, வகுக்கப்பட்ட புறப்பாட்டு வழியைப் பின்பற்றி, இடையிலுள்ள வழிப்புள்ளிகளைத் தொட்டு, இறங்குமிடத்தில் முறைக்காகக் காத்திருந்து சுற்றுவதும் உண்டு. இவை சில பத்துக் கிலோமீட்டர்களைச் சேர்க்கும். உயரத்தில் பறப்பதால் தூரம் மிகவும் கூடுமே என்று சிலர் கேட்பார்கள். 11 கிலோமீட்டர் உயரம் என்பது பூமியின் ஆரத்தில் 0.17 விழுக்காடு மட்டுமே. 15,349 கிலோமீட்டருக்கு அது கூட்டுவது 27 கிலோமீட்டரைத் தாண்டாது.

பெரிய மாற்றத்தைச் செய்வது காற்றும் அரசியலும்தான். டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர். ஏர் இந்தியாவின் விமானம் அட்லாண்டிக் வழியாகச் சென்றபோது சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியபோது அது சுமார் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. ஆனாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளியதால், நீண்ட வழியிலேயே விமானம் பதினான்கரை மணி நேரத்தில் விரைவாகப் போய்ச் சேர்ந்தது. தூரத்தை மட்டும் வைத்துப் பயண நேரத்தை முடிவு செய்பவர்கள் இந்த ஒரு சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஹெல்சிங்கி–டோக்கியோ தடமோ அரசியலுக்கான எடுத்துக்காட்டு: 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, சுமார் 9 மணி நேரமாக இருந்த பயணம் 13 மணி நேரத்தை ஒட்டி நீண்டுவிட்டது. பெருவட்டத் தூரத்தில் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

பறந்த தூரத்தை அளக்க ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் குறிப்பிட்ட விமான எண்ணின் பழைய பயணப் பதிவைத் தேட வேண்டும். அதிலுள்ள தடப்புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, அடுத்தடுத்த ஒவ்வோர் இணைக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிட்டுக் கூட்டுவதே முறை. இங்கே புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் ஹேவர்சைன் வாய்பாடே பொருத்தம். பெருங்கடல்களின் மேல் தரைநிலைய அலைவாங்கிகள் எட்டாத இடங்களில் தடம் ஊகமாகவே வரையப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு நாள் பதிவை நம்பாமல், ஒரு வாரப் பதிவுகளைப் பார்த்து நடுவிலுள்ள எண்ணை எடுத்துக்கொள்வது நியாயமான மதிப்பைத் தரும். லண்டன்–சிட்னி இணையைப் பாருங்கள்: பெருவட்டத் தூரம் சுமார் 17,020 கிலோமீட்டர். 2019 நவம்பரில் குவாண்டாஸ் நடத்திய இடைநில்லாச் சோதனைப் பயணத்தில் விமானம் சுமார் 17,800 கிலோமீட்டர் பறந்து 19 மணி 19 நிமிடத்தில் இறங்கியது. கூடுதல் ஏறத்தாழ 4.6 விழுக்காடு.

இடையில் மாறிச் செல்பவர்கள்

ஒவ்வொரு பகுதியின் பெருவட்டத் தூரத்தையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் போதும். லண்டனிலிருந்து சிங்கப்பூர் சுமார் 10,880, அங்கிருந்து சிட்னி சுமார் 6,300; ஆக 17,180 கிலோமீட்டர். நேர்வழியை விட ஒரு விழுக்காடுதான் அதிகம், ஏனெனில் சிங்கப்பூர் அந்தப் பெருவட்டத்துக்கு மிக அருகில் அமைந்திருக்கிறது. மாறுமிடம் வழியை விட்டு விலகியிருக்க விலகியிருக்க இந்தக் கூடுதல் வேகமாக வளரும்.

எந்தத் தேவைக்கு எந்தத் தூரம் என்பதை விதிகள் சில இடங்களில் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. தாமதத்துக்கும் ரத்துக்கும் இழப்பீடு வழங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் விதிமுறை, தூரங்களைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்கிறது. 1,500, 3,500 கிலோமீட்டர் எல்லைகள் இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானிப்பதால், எல்லையை ஒட்டிய பயணங்களில் சில கிலோமீட்டருக்கும் விலை உண்டு. ரோமிலிருந்து புருசெல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்ற பயணிகளின் வழக்கில் 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், இடையில் மாறிய பகுதிகளைக் கூட்டக் கூடாது, முதல் நிலையத்துக்கும் கடைசி நிலையத்துக்கும் இடையிலான நேர்த்தூரமே கணக்கு என்று தீர்ப்பளித்தது. பகுதிகளைக் கூட்டினால் 1,656 கிலோமீட்டர், நேர்த்தூரம் 1,326. பயணிகளுக்குக் கிடைக்க வேண்டிய தொகை 400 யூரோவிலிருந்து 250 யூரோவாக இறங்கியது.

கார்பன் கணக்கில் நிலைமை வேறு. அங்கே விமானம் உண்மையில் எரித்த எரிபொருளே முக்கியம் என்பதால், பெருவட்டத் தூரத்தின் மேல் ஒரு தொகையைச் சேர்க்கிறார்கள். ஐசிஏஓவின் கணிப்பான் 550 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணத்துக்கு 50, அதிலிருந்து 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கிலோமீட்டர் கூட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டம் எல்லாத் தூரத்துக்கும் பொதுவாக 95 கிலோமீட்டர் கூட்டுகிறது. இடைநிறுத்தங்கள் இருந்தால் இங்கே பகுதிகளைத் தனித்தனியேதான் கணக்கிட வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு முறை மேலேறும்போதும் எரிபொருள் தனியாகச் செலவாகிறது.

எண்ணை எழுதி வைக்கும்போது தசமப் புள்ளிகளைத் தவிர்ப்பது நல்லது. ஒரு விநாடி அட்சரேகை சுமார் 31 மீட்டர். விநாடி வரை மட்டுமே தரப்பட்ட புள்ளிகளிலிருந்து 15,348.6274 கிலோமீட்டர் என்று எழுதுவதில் கடைசி மூன்று இலக்கங்களுக்கு எந்தப் பொருளும் இல்லை. சாங்கி–ஜேஎஃப்கே, ஆதாரப் புள்ளிகளுக்கு இடையே, டபிள்யூஜிஎஸ் 84 பெருவட்டத் தூரம், 15,349 கி.மீ. என்று குறித்து வைத்தால், பின்னால் அதைப் படிப்பவர் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்காது.